விவசாயி திரும்புவதற்குள்: வசனமில்லாத 'ஷான் த ஷீப்' எப்படி நிற்கிறது

2007 மார்ச் 5 அன்று பிபிசியின் சிறுவர் அலைவரிசையான சிபிபிசியில், ஷான் என்ற செம்மறியாட்டைப் பற்றிய பொம்மை அனிமேஷன் தொடரான 'ஷான் த ஷீப்' ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஒரு எபிசோடுக்கு 7 நிமிடம். முதல் சீசனுக்கே 40 எபிசோடு. பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் ஸ்டூடியோ, ஜெர்மனியின் டபிள்யூ.டி.ஆர். தொலைக்காட்சியோடு கூட்டுச் சேர்ந்து எடுத்தது. 2020 வரை வந்த ஆறு சீசன்களில் 40, 40, 20, 30, 20, 20 என மொத்தம் 170 எபிசோடு. இத்தனையிலும் எந்தப் பாத்திரமும் ஒரு முழு வாக்கியம் பேசுவதில்லை.

ஷான் அறிமுகமானது இந்தத் தொடரில் அல்ல. நிக் பார்க் இயக்கி, 1995 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிபிசியில் வந்து, பிறகு ஆஸ்கரும் வாங்கிய 'எ குளோஸ் ஷேவ்' என்ற அரைமணிப் படத்தில் அது கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடித்துத் தின்னும் ஒரு துணைப் பாத்திரம். அந்தச் செம்மறியை எடுத்து, அதைச் சுற்றி மாஸி பாட்டம் என்ற பண்ணை, கிட்டப்பார்வைக்கார விவசாயி, பிட்ஸர் என்ற மந்தைக் காவல் நாய், ஒரு மந்தை, பக்கத்துப் பட்டியில் மூன்று வம்புக்காரப் பன்றிகள் என்று முழு உலகத்தையும் கட்டியவர் ரிச்சர்ட் ஸ்டார்ஸாக்.

பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடிக்கும் ஸ்டூடியோ, தொலைக்காட்சியின் வேகத்துக்கு 40 எபிசோடை எப்படிக் கொடுத்தது? பேச்சை எடுத்துவிட்டதால் மிச்சமானது என்ன, அதற்கு ஈடாக எங்கே கூடுதலாக உழைக்க வேண்டிவந்தது? இந்தத் தொடரை ஆராய வேண்டியது இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான்.

முதலில் கணக்கு

பிரிட்டிஷ் தொலைக்காட்சி நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 அசையாப் படங்கள். 7 நிமிடம் என்றால் 420 நொடி, அதாவது 10,500 ஃபிரேம். பொம்மையை இப்படி நகர்த்தி நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷனில் பெரும்பாலும் பொம்மையின் ஒரு நிலையை இரண்டு ஃபிரேம் எடுப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு எபிசோடுக்கு 5,250 நிலைகள், 40 எபிசோடுக்கு 2,10,000. தலைப்புப் பாடலும் முடிவு எழுத்தும் திரும்பத் திரும்ப வருவதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

திரையரங்குக்கான பொம்மைப் படங்களில் ஒரு அனிமேட்டர் ஒரு நாளில் சுமார் 2 நொடி முடித்தாலே நல்ல நாள். அதே வேகத்தை இங்கே வைத்தால் ஒரு எபிசோடுக்கு 210 ஆள்-நாள், சீசனுக்கு 8,400 ஆள்-நாள். இருபது அனிமேட்டர்கள் ஒரே சமயத்தில் வேலை செய்தாலும் 420 வேலை நாட்கள். திரும்ப எடுக்க வேண்டிய ஷாட்டுகளை இதில் சேர்க்கவே இல்லை. சிறுவர் தொலைக்காட்சியின் பணத்துக்கும் கால அட்டவணைக்கும் இது ஒத்து வராது. ஒரு நாளில் எடுக்கும் நொடிகளை இரண்டு மூன்று மடங்காக்கினால்தான் தொடர் என்ற ஒன்று சாத்தியம்.

எங்கே நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று தேடினால், முதலில் கண்ணில் படுவது வாய். பேசும் பொம்மைக்கு ஒலிக்கு ஒரு வாய் வடிவம் வேண்டும். சாதாரணமாக ஒரு பாத்திரத்துக்குப் பத்துப் பதினைந்து மாற்று வாய்கள் செய்து வைப்பார்கள். வசனத்தை முன்கூட்டியே பதிவு செய்து, எந்த ஃபிரேமில் எந்த ஒலி என்று அட்டவணை போட்டு, ஒவ்வொரு நிலைக்கும் வாயைக் கழற்றி மாட்டி, ஒட்டிய இடத்தின் விளிம்பைத் தடவிச் சரிசெய்ய வேண்டும். வாய் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் திரையில் முகமே நடுங்கும். பேச்சு போனால் இந்த வேலை மொத்தமும் போய்விடுகிறது. ஷானுக்குச் சிரிப்பு, திகைப்பு, கடுப்பு, 'மே' என்று ஒருசில வாய்கள் போதும். பல ஷாட்டுகளில் அதன் வாயே தெரியாது. கருப்பு முகத்தில் இரண்டு வெள்ளைக் கண்கள் மட்டும்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. டப்பிங் வேண்டாம், அடியெழுத்தும் வேண்டாம் என்பதால் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அதே பிரதி ஓடும். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இந்தத் தொடர் போனதற்கு இது பெரிய காரணம்.

ஆனால் மிச்சமான அந்த வேலை காணாமல் போய்விடவில்லை. அனிமேட்டரின் மேசையிலிருந்து கதை எழுதுபவரின் மேசைக்கு நகர்ந்தது. இந்தத் தொடரைப் பார்த்து வசனமில்லாத அனிமேஷன் செய்யக் கிளம்பிய பலர் இடறி விழும் இடம் அதுதான்.

ஒரே ஒரு சட்டம்

ஆடுகள் இரண்டு காலில் நிற்கலாம், பந்து ஆடலாம், பாட்டுப் போட்டு ஆடலாம், வண்டி ஓட்டலாம். விவசாயி பார்க்கும்போது மட்டும் நான்கு காலில் நின்று புல் மேய்ந்தாக வேண்டும். தொடர் முழுக்க இதுதான் சட்டம்.

இந்த ஒரு வரி எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு எபிசோடிலும் ஆபத்து தானாகவே வந்துவிடுகிறது. யாரும் விளக்கத் தேவையில்லை. வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே நான்கு வயதுக் குழந்தைக்கும் நிலைமை புரியும். நேரக்கெடுவும் கிடைக்கிறது: விவசாயி திரும்புவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். முடிவும் அதிலேயே இருக்கிறது: அவர் வந்து பார்க்கிறார், ஏதோ சரியில்லை என்று தலையைச் சொறிகிறார், போய்விடுகிறார். கெட்டவன் என்று ஒருவன் வேண்டியதே இல்லை. விவசாயி நல்ல மனிதர். ஒன்றும் அறியாதவர், அவ்வளவே.

இந்தச் சட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டவன் பிட்ஸர். சம்பளம் விவசாயியிடம், சிநேகம் ஷானிடம். தலையில் பின்னல் குல்லா, மணிக்கட்டில் கடிகாரம், கழுத்தில் விசில், கையில் கிளிப்போர்டு, இடைவேளைக்கு ஒரு ஃபிளாஸ்க். இவை அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. கிளிப்போர்டு கையில் இருந்தால் அவன் பணியில் இருக்கிறான்; ஃபிளாஸ்க் மூடி திறந்திருந்தால் கவனம் வேறெங்கோ. வசனமே இல்லாமல் ஒருவனின் வேலை, மனநிலை, நேரம் மூன்றையும் கையில் இருக்கும் பொருள் சொல்லிவிடுகிறது. எங்கள் பார்வையில் தொடரின் மிகச் சிறந்த பாத்திரம் ஷான் அல்ல, பிட்ஸர்தான். ஷானுக்கு ஆசை மட்டும், பிட்ஸருக்குத் தர்மசங்கடம். சிரிப்பு அங்கேதான் கனமாக விளைகிறது.

மந்தையையும் இதே முறையில் பிரித்திருக்கிறார்கள். டிம்மி வாயில் ரப்பர் சூப்பி வைத்த குட்டி. அதன் அம்மா தலையில் முடிசுருட்டிகள். தாய்-பிள்ளை உறவைச் சொல்ல இதற்குமேல் ஒரு ஷாட்கூடத் தேவைப்படவில்லை. ஷெர்லி மற்ற ஆடுகளைவிடப் பல மடங்கு பருத்தவள். கதவில் சிக்குவாள், பொருட்கள் அவள் ரோமத்துக்குள் காணாமல் போகும், தேவைப்பட்டால் சுவரை இடிக்கவும் பயன்படுவாள். மீதி ஆடுகள் ஏறக்குறைய ஒரே அச்சு. இதில் தயாரிப்புக் கணக்கும் இருக்கிறது: ஒரே சமயத்தில் பல செட்டுகளில் படப்பிடிப்பு நடக்கும்போது, ஒரு யூனிட்டில் பொம்மை ஒன்று பழுதானால் பக்கத்து அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து நிறுத்திவிடலாம்.

சொல்லில்லாமல் எதைச் சொல்ல முடியாது

நேற்று, நாளை, 'ஒருவேளை', பெயர், காரணம் ஆகியவற்றைப் படத்தால் மட்டும் சொல்வது மிகக் கடினம். 'அவன் நேற்று கொடுத்த வாக்கை இன்று மறந்துவிட்டான்' என்பது ஒரு வரி வசனம். வசனமில்லாத படத்தில் அதற்கு ஒரு நிமிடம் ஆகும், அப்போதும் பாதிப் பேருக்குப் புரியாது. ஆகவே கதை முழுக்கக் கண்முன் இருக்கும் பொருளின் மேல் நிற்க வேண்டும்.

முதல் எபிசோடில் அந்தப் பொருள் ஒரு முட்டைக்கோஸ். ஷான் அதைப் பந்தாக்குகிறது, மந்தை இரண்டு அணியாகிறது, பன்றிகள் வந்து ஆட்டத்தைக் கெடுக்கின்றன. ஆடுகளுக்கு அது பந்து, பன்றிகளுக்கு அது தீனி. ஒரே பொருளை இரு தரப்பும் இரண்டு விதமாகப் பார்ப்பதுதான் மோதல். அதைப் பேசி விளக்க வேண்டியதில்லை. குளியலைப் பற்றிய இன்னொரு எபிசோடில் பொருள், வெந்நீர். ஆடுகளை முக்கி எடுக்கும் மருந்துத் தொட்டியில் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. வீட்டுக்குள் விவசாயியின் குளியல் தொட்டியில் ஆவி பறக்கிறது. நடுங்கும் ஆடு ஒரு ஷாட், ஆவி ஒரு ஷாட். அடுத்து ஷான் என்ன செய்யப் போகிறது என்பது அதற்கு முன்பே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

எழுதிய கதை தேறுமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கதையை ஷாட் ஷாட்டாக வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டுப் படங்களைக் கதை தெரியாத ஒருவரிடம் ஒலியில்லாமல் ஓட்டிக் காட்டி, அவரையே கதை சொல்லச் சொல்ல வேண்டும். அவர் எங்கே 'இவன் ஏன் இப்படிச் செய்கிறான்?' என்று நிறுத்துகிறாரோ, அங்கே இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே ஒரு ஷாட் குறைகிறது. பெரும்பாலும் குறைவது பாத்திரம் எதையாவது பார்க்கும் ஷாட். பார்க்கிறான், பார்த்ததைக் காட்டுகிறோம், மறுபடி அவன் முகம்: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஓர் எண்ணம் பிறக்கும். நடுவில் ஒன்றைத் தட்டிவிட்டால் எண்ணம் காணாமல் போய் வெறும் செயல் மிஞ்சும்.

இதனால்தான் இந்த வகைத் தொடரில் அனிமாட்டிக்குக்கு அவ்வளவு முக்கியத்துவம். ஸ்டோரிபோர்டுப் படங்களை நேரக்கணக்கோடு கோத்து, தற்காலிக ஒலியும் இசையும் போட்டு, 7 நிமிடத்துக்கு வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். வசனப் படத்தில் எடிட்டர் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துக் கதையைக் காப்பாற்றலாம். இங்கே அந்த வழி இல்லை. படம் பிடித்த பிறகு 'புரியவில்லை' என்று தெரிந்தால் செட்டைத் திரும்பப் போட வேண்டும். எனவே சிரிப்பு வருகிறதா இல்லையா என்ற சண்டை பென்சில் படத்திலேயே முடிந்தாக வேண்டும்.

அடுத்து ஆர்ட்மேனில் காலங்காலமாக இருக்கும் ஒரு பழக்கம்: படப்பிடிப்புக்கு முன் இயக்குநரும் அனிமேட்டரும் அந்தக் காட்சியைத் தாங்களே நடித்து வீடியோ எடுத்துப் பார்ப்பார்கள். நடிப்பை அப்படியே பொம்மைக்கு மாற்றுவது இதன் நோக்கமில்லை. மனிதர் நடித்தால் நொடிக்கு நாலு அசைவு வரும். பொம்மைக்கு அதில் ஒன்று போதும். எந்த நிலையில் எவ்வளவு நேரம் நிற்பது, எதை விடுவது என்பதை முடிவு செய்யத்தான் அந்த வீடியோ.

ஒரு பார்வையின் கணக்கு

விவசாயி திரும்பிப் பார்க்கிறார். ஷான் நான்கு காலில் நிற்கிறது. அவர் போனதும் பிட்ஸரை ஓரக்கண்ணால் பார்க்கிறது. தொடரில் நூறு தடவை வரும் ஷாட் இது. இதற்குள் என்ன இருக்கிறது?

கண்கள் குண்டுமணி போல் உருண்டவை. கருவிழியில் ஊசிமுனை அளவு குழி. அதில் ஊசியை வைத்துத்தான் விழியை நகர்த்துவார்கள். முதலில் விழி மட்டும் நகர வேண்டும், தலை பிறகு. இரண்டும் ஒன்றாகத் திரும்பினால் பொம்மை திரும்பியது போல் இருக்கும். விழி முந்திக்கொண்டால்தான் அது யோசித்தது போல் இருக்கும். நடுவில் ஒரு கண்சிமிட்டல்: பாதி மூடிய இமை, முழு இமை, மறுபடி பாதி இமை என மூன்று நிலை. இரண்டு ஃபிரேம் வீதம் 6 ஃபிரேம், கால் நொடிக்குச் சற்றுக் குறைவு. தலை திரும்பும் நேரத்தில் இந்தச் சிமிட்டலை வைத்தால் திருப்பம் மென்மையாகத் தெரியும். அதன் பிறகு ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். அரை நொடி, சில நேரம் ஒரு நொடி. புதியவர்கள் பயப்படுவது இந்த நிறுத்தத்துக்குத்தான். பொம்மை செத்துப்போனது போல் தெரியுமோ என்று தலையையும் காதையும் ஆட்டிவிடுகிறார்கள். ஆட்டினால் பார்வை கலையும், கூடவே சிரிப்பும் போய்விடும்.

இதில் வழக்கமாகக் கெடுவது இரண்டு விழிகளின் நேர்கோடு. ஒன்று இம்மி உள்ளே போனாலும் மாறுகண் ஆகிவிடும். அனிமேட்டர் பொம்மையைப் பக்கவாட்டில் நின்று தொடுகிறார், கேமராவோ நேரே பார்க்கிறது. ஆகவே விழியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், முந்தைய ஃபிரேமையும் இப்போதையதையும் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொம்மை எங்கே உடையும்

ஆட்டின் உடம்பு பெரிய கம்பளி உருண்டை, கால்களோ குச்சி. பாரமெல்லாம் மேலே. உள்ளே உலோக மூட்டுகளோ முறுக்கிய கம்பியோ எலும்புக்கூடாக இருக்கும். பாதத்தில் மரையிட்ட துளை. செட்டின் பலகைக்கு அடியிலிருந்து திருகை ஏற்றிப் பாதத்தை இறுக்குவார்கள். ஒரு காலில் நிற்கும் நிலை வந்தால் அந்த ஒரு திருகு முழுப் பொம்மையையும் தாங்க வேண்டும். திருகு தளர்ந்திருந்தால் அடுத்த தொடுகையில் பொம்மை சாயும்; அப்போது முந்தைய நிலை தொலைந்துபோகும். திரையில் பழைய ஃபிரேமைப் பார்த்துத் திரும்ப நிறுத்தலாம், ஆனால் நிழல் சற்று மாறிவிடும்.

கம்பி அதிகம் முறிவது முழங்காலிலும் கணுக்காலிலும். ஒரே இடத்தில் மடக்கி மடக்கி அலுமினியம் களைத்துப்போய், ஒருநாள் ஷாட்டின் நடுவில் முறியும். மடக்கும்போது கால் வழக்கத்தைவிட இலேசாக வளைந்தால் முறிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம்; அந்த ஷாட் முடிந்ததும் பொம்மையைப் பழுதுபார்க்க அனுப்பிவிட வேண்டும், அடுத்ததற்குக் காத்திருக்கக் கூடாது. உலோக மூட்டின் தொல்லை நேர்மாறானது. முறியாது, தளரும். தளர்ந்த மூட்டு ஒவ்வொரு நிலைக்குப் பிறகும் மெல்ல இறங்கும். நின்றுகொண்டிருக்கும் ஆடு திரையில் மெதுவாக உட்காருவது போல் தெரிந்தால் காரணம் இதுதான்.

ரோமம் தனிக் கதை. விரல் பட்ட இடமெல்லாம் அடுத்த ஃபிரேமில் வேறு மாதிரி படிந்திருக்கும். படம் ஓடும்போது உடம்பு முழுக்கக் கொதிப்பது போல் துடிக்கும். நீளமான மெல்லிய மயிரைவிட, குட்டையாக அடர்ந்து சுருண்ட துணிக்கு இந்தத் தொல்லை குறைவு. உடம்பைப் பிடிக்காமல் தலையையும் காலையும் மட்டும் பிடித்து நகர்த்தப் பழகுவது அதைவிடப் பெரிய தீர்வு. புல்வெளிக்கும் இதே நியாயம்: கை உரசிய புல் அடுத்த ஃபிரேமில் அசைந்திருக்கும். அதனால் பொம்மைக்கும் செட்டின் ஓரத்துக்கும் இடையே கை போய்வர ஒரு பாதையை முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது. பெரிய செட்டுகளில் நடுவே ஆள் எழுந்து நிற்பதற்கென்றே திறப்பு விடுவார்கள்.

ஆடு குதிக்க வேண்டுமானால் பின்னாலிருந்து ஒரு கம்பித் தாங்கி பிடித்துக்கொள்ளும். பொம்மை இல்லாத வெறும் செட்டை ஒரு ஃபிரேம் எடுத்து வைத்து, கணினியில் தாங்கியை அழித்துவிடுவார்கள். அந்த வெறும் ஃபிரேமை எடுக்க மறந்தால், அல்லது எடுத்த பிறகு விளக்கை யாராவது தட்டிவிட்டால், அழிப்பு வேலை பல மடங்காகும். கேமரா நகரும் ஷாட்டுகளில் இன்னொரு சிக்கல்: கேமரா ஃபிரேமுக்கு ஒரு தடவை நகர, பொம்மை இரண்டு ஃபிரேமுக்கு ஒரு தடவை நகர்ந்தால் பொம்மை அதிர்வது போல் தெரியும். அங்கே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பொம்மையை நகர்த்தியாக வேண்டும், வேலை இரட்டிப்பு. அசையாத கேமராவும் மேடை போன்ற நேரான காட்சியமைப்பும் இந்தத் தொடருக்குப் பொருந்தியதற்கு ரசனையோடு இந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. முகமும் செயலும் ஒரே சட்டகத்துக்குள் தெளிவாகத் தெரிந்தால் வெட்டும் குறையும், செலவும் குறையும்.

முனகலின் ராகம்

பேச்சில்லை என்றால் குரலில்லை என்று ஆகாது. விவசாயிக்கும் பிட்ஸருக்கும் ஜான் ஸ்பார்க்ஸ்; ஷானுக்கும் டிம்மிக்கும் ஜஸ்டின் ஃபிளெச்சர். விவசாயியின் வாயிலிருந்து வருவது சொல்லே இல்லாத முனகல், ஆனால் ராகம் மட்டும் அப்பட்டமான ஆங்கிலக் கிராமத்துக்காரருடையது. கேள்வி என்றால் இறுதியில் ஏறும், திட்டு என்றால் அழுத்தி இறங்கும், தனக்குத்தானே பேசுவதென்றால் மூக்குக்குள்ளேயே நிற்கும். இந்தக் குரல்களைப் பொம்மை அசைவுக்குப் பிறகு சேர்க்க முடிவதால் நடிகருக்குச் சுதந்திரம் அதிகம். வாயசைவுக்குள் அடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தலைப்புப் பாடலை நகைச்சுவை நடிகர் விக் ரீவ்ஸ் பாடியிருக்கிறார். ஒரு சாதாரண எபிசோடில் காதில் விழும் சொற்கள் ஏறக்குறைய அந்தப் பாட்டில் மட்டும்தான்.

இசையில் எளிதாகச் சறுக்கலாம். வசனமில்லாத இடத்தை எல்லாம் இசையால் நிரப்பத் தோன்றும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தாளம் போட்டால் அசைவு கனமாகிவிடும். முக்கியமாக, அந்த ஒரு நொடி நிறுத்தத்தின் மேல் இசை ஓடினால் பார்வை காணாமல் போகும். கதவுக் கீல் சத்தம், கூழாங்கல் மேல் செருப்புச் சத்தம், தூரத்து விசில் போன்ற ஒலிகளுக்கு இடம் விட்டுத்தான் இசை அமைய வேண்டும். விவசாயி வருகிறார் என்ற செய்தி பெரும்பாலும் காதுக்குத்தான் முதலில் கிடைக்கிறது.

நீட்டியபோது

7 நிமிடத்துக்குப் பொருந்திய முறையை நீட்டிப் பார்த்தும் சுருக்கிப் பார்த்தும் இருக்கிறார்கள். 2009இல் டிம்மியை நர்சரிக்கு அனுப்பி, இன்னும் சின்னக் குழந்தைகளுக்காகத் தனித் தொடர் வந்தது. 2012 ஒலிம்பிக்ஸ் ஆண்டில் ஒரு நிமிட விளையாட்டுத் துணுக்குகள் வந்தன. ஒரு நிமிடத்துக்கு ஒரே நகைச்சுவை போதும் என்பதால் அங்கே சட்டம்கூடத் தேவைப்படவில்லை.

85 நிமிடத் திரைப்படம்தான் உண்மையான பரீட்சை. மார்க் பர்ட்டனும் ஸ்டார்ஸாக்கும் எழுதி இயக்கி 2015 பிப்ரவரியில் பிரிட்டனில் வெளியானது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. அதிலும் வசனமில்லை. ஆனால் 'விவசாயி திரும்புவதற்குள்' என்ற சட்டத்தை ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் இழுக்க முடியாது. ஏழு நிமிடத்தில் விவசாயியின் பார்வை ஒரு தடை; அதையே பன்னிரண்டு தடவை திரும்பக் காட்டினால் பார்ப்பவர் சலித்துப்போவார். படத்தில் அதைத் தலைகீழாக்கினார்கள். ஒருநாள் லீவு வேண்டும் என்று ஆடுகள் செய்த வேலையால் விவசாயி நகரத்துக்குப் போய்ச் சேருகிறார், நினைவை இழக்கிறார், ஆடுகளையே அவருக்குத் தெரியவில்லை. தொடரில் ஆடுகள் அவர் கண்ணில் படக்கூடாது. படத்தில் அவர் தங்களைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று தவிக்கின்றன. புதிய விதி எதையும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை, ஏனென்றால் அதே பார்வைதான், வேண்டுவது மட்டும் மாறியிருக்கிறது. நகரத்துத் தெருக்களும் விலங்குக் காப்பகமும் புதிதாகக் கட்டப்பட்டன. கதையைத் தாங்கும் தூண் பண்ணையிலிருந்து வந்ததுதான்.

2019இல் வந்த இரண்டாவது படம் வேற்றுக்கிரகக் குட்டி ஒன்றை உள்ளே கொண்டுவந்தது. அதற்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, கண்ணுக்கும் விருந்து. ஆனாலும் முதல் படத்தின் இறுக்கம் அதில் குறைவு என்பது எங்கள் கருத்து. மாயசக்தி உள்ள பாத்திரம் வந்துவிட்டால் எந்தப் பொருளும் எப்படியும் பறக்கலாம். முட்டைக்கோஸை உதைத்தால் அது எங்கே போய் விழும் என்று பார்ப்பவர் முன்கூட்டியே கணிக்க முடியாது. வசனமில்லாத நகைச்சுவைக்கு அந்தக் கணிப்பு அவசியம். கணித்தது நடக்கும்போதும் சிரிப்பு வருகிறது, ஒரு நொடி தள்ளி வேறு விதமாக நடக்கும்போதும் வருகிறது. 2020இன் ஆறாவது சீசன் மறுபடி 7 நிமிடத்துக்கும், வேலிக்கும், பட்டிக்கும், வீட்டுக் கதவுக்கும் திரும்பியது.